லேப்டாப் தூங்குறப்போ கோர் எல்லாம் எங்க போகுது?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க லினக்ஸ் கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா சிபியு ஹாட்பிளக்னா (சிஸ்டம் ஓடிட்டிருக்கப்பவே ப்ராசசரோட கோர நிறுத்துறது, திரும்ப எழுப்புறது) பெரிய சர்வர்காரங்க சமாச்சாரம்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே. லேப்டாப்ப சஸ்பெண்ட்-டு-ரேம் முறையில தூங்க வெச்சாலே கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) முதல்ல எழுந்த பூட் சிபியுவ மட்டும் விட்டுட்டு மத்த கோர் எல்லாத்தையும் இந்த ஹாட்பிளக் புரோகிராம் வழியாத்தான் ஆஃப்லைன் பண்ணுது, அதுல ஓடிட்டிருந்த டாஸ்க், டைமர், இன்டரப்ட்லாம் (ஹார்டுவேர் அனுப்புற சிக்னல்) வேற கோருக்கு மாறணும். முன்னாடி, கோர் ஏறுது இறங்குதுன்னு கர்னலோட மத்த பகுதிகளுக்குத் தகவல் சொல்ற நோட்டிஃபயர்னு ஒரு முறை, எழுப்புற வரிசைக்குத் தலைகீழாத்தான் இறக்கணும்ங்கிற கட்டாயமே கிடையாது, ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு அப்படியே நின்னுடுற டெட்லாக் தலைவலி வேற. கர்னல் டெவலப்பர் தாமஸ் கிளைக்ஸ்னர் டீம் 2016ல, கர்னல் 4.6 வெர்ஷன்லேர்ந்து இத படிப்படியா போற ஸ்டேட் மெஷினா மாத்துனாங்க, ஒவ்வொரு படிக்கும் ஏத்த ஒரு ஃபங்ஷன் இறக்க ஒண்ணு, நடுவுல ஏதாவது ஃபெயிலானா வந்த வழியே திரும்பிடும். 4.10ல பழசத் தூக்கியே எறிஞ்சிட்டாங்க (நல்ல வேலை!). நம்பலைன்னா சிஸ்எஃப்எஸ்ல (கர்னல் விவரங்கள ஃபைலாக் காட்டுற இடம்) சிபியு1 ஃபோல்டர்ல ஆன்லைன்ங்கிற ஃபைல்ல ரூட்டா 0 எழுதிப் பாருங்க, ஓடுற கோர்கள் லிஸ்ட்லேர்ந்து அது காணாமப் போயிடும், 1 எழுதுனா வந்துடும்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின் வாசகர்