பாய்லருக்கு எந்த கேஜ்னு கேட்டிருந்தியே

மாப்ள, அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டப்புறம்தான் நிம்மதியாச்சு. இங்க பையன் பாலிடெக்னிக் சேந்துட்டான், நாம படிச்ச அதே இன்ஸ்ட்ருமென்டேஷன்தான், வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம்.

சாயப்பட்டறைக்கு வாங்குன விறகு பாய்லருக்கு பிரஷர் காட்டுற முள்ளு கேஜ் எதுக்கு, பிரஷர கரண்ட் சிக்னலா மாத்தி அனுப்புற டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு போட்டு எல்லாத்தையும் கன்ட்ரோல் பேனல்லயே பாத்துக்கலாமான்னு கேட்டிருந்த. வேணாம்டா. கரண்ட் போயி பேனல் இருட்டாயிட்டா ஃபயர்மேன் எதப் பாப்பான்? அந்த நேரத்துல பித்தளைக் குழாய் வளைஞ்சு நிமிர்ற கேஜ்தான் கைகொடுக்கும், 1849ல போர்டன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பேட்டன்ட் வாங்குன அதே குழாய்தான் இன்னிக்கும் உள்ள இருக்கு. உனக்கு 10 கிலோ பிரஷர்ல (சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ) ஓடும்னா 0-16 ஸ்கேல் உள்ள கேஜ் வாங்கு. கடைக்காரன் 40 கிலோ கேஜ் கைல இருக்குன்னு குடுத்தா வாங்கிடாத, ஒரு சதவீதம் தப்புன்னா அது முழு ஸ்கேலுக்கும் சேத்துத்தான், 40ல 0.4 கிலோ தப்பு வரும், 16ல 0.16தான்.

கேஜுக்கு கீழ பன்னி வால் மாதிரி சுருண்ட சைபன் குழாய் கண்டிப்பா வேணும், அதுல நிக்கிற தண்ணிதான் சூடான ஸ்டீம் நேரா கேஜுக்குள்ள போகாம தடுக்கும். நான் முன்னாடி வேல பாத்த ஒரு யூனிட்ல அவசரத்துல சைபன் இல்லாமயே புது கேஜ மாட்டுனோம், சூடான ஸ்டீம் நேரா உள்ள போயி கொஞ்ச நாள்ல பாய்லர அணைச்ச பிறகும் முள்ளு 3லயே நின்னுச்சு, தட்டிப் பாத்தேன், அசையல. அத நெனச்சா இப்பவும் பயமா இருக்கு, ஏன்னா பொய் சொல்ற கேஜ நம்பித்தான் ஒருத்தன் பாய்லர் முன்னாடி நிக்கிறான்.

டிரான்ஸ்மிட்டரும் போடு, வேணாங்கல. 0-16 கிலோவுக்கு அது 4-20 மில்லி ஆம்ப் கரண்ட் அனுப்பும்னா 10 கிலோல 14 வரும், பிரஷரே இல்லன்னாலும் 4 வர்றதால ஒயர் அறுந்து 0 ஆனா பேனலுக்கு உடனே தெரிஞ்சிடும். ஆனா பிரஷர் ஏறுனா அடுப்புக்கு காத்து ஊதுற ஃபேன நிறுத்துற பிரஷர் ஸ்விட்ச் தனியா இருக்கணும், தனி லைன்ல இருக்கணும், கன்ட்ரோல் பண்ற டிரான்ஸ்மிட்டரே கெட்டுப்போனா காப்பாத்த வேற ஆள் வேணும்ல. ஸ்விட்ச 10ல ஆஃப், 9ல ஆன்னு வை, ரொம்ப நெருக்கி வச்சா ஃபேன் நின்னு நின்னு ஓடி அதுக்கு கரண்ட் குடுக்குற கான்டாக்டர் கருகிடும்.

கழிவுத்தண்ணி பம்ப்புக்கு மட்டும் டயஃப்ரம் சீல் (நடுவுல மறைக்கிற மெல்லிசு தகடு) வச்ச கேஜ் கேளு, இல்லாட்டி சேறு போயி அடைச்சுக்கும்.

புதன்கிழமை லீவு போட்டு வர்றேன். சைபன்ல தண்ணி ஊத்தி நிரப்பிட்டுத்தான் கேஜ் வால்வ திறக்கணும், நான் வர்ற வரைக்கும் யாரையும் அதுல கை வைக்க விடாத.