கோத்தகிரித் தங்கச்சிக்கு: பிள்ளை பார்க்க உட்கார்ந்து சாப்பிடு

அன்புத் தங்கச்சிக்கு,

"மூணு வயசாகுது. காயைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா. டீயும் வர்க்கி பிஸ்கட்டும்னா மட்டும் ஓடி வர்றா. என்ன டானிக் கொடுக்கலாம்?" என்று கேட்டிருந்தாய். டானிக் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கட்டுமா? நீ காய் சாப்பிடுவதை உன் மகள் கடைசியாக எப்போது பார்த்தாள்?

குறை சொல்லக் கேட்கவில்லை. உன் நாளை நீயே எழுதியிருந்தாய். ஏழரை மணிக்குள் கொழுந்தெடுக்கக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரு டம்ளர் டீ, இரண்டு வர்க்கி. மதியச் சோறு தோட்டத்திலேயே முடிகிறது. சாயங்காலம் வந்ததும் மறுபடி டீ. ராத்திரி எல்லோருக்கும் போட்டுவிட்டு, பிள்ளை தூங்கியபின் மிச்சம் மீதியை அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறாய். நீ காய் தின்னும் நேரமெல்லாம் அவள் கண்ணுக்கு மறைவான நேரம். அவள் கண்ணில் படும் உன் சாப்பாடு டீயும் வர்க்கியும்தான். அதைத்தான் கேட்கிறாள். ஒன்றிரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகள் புது உணவைக் கண்டு மிரளுவது இயல்பு. அந்த மிரட்சியைப் போக்குவது பெரும்பாலும் நம்பிக்கைக்குரிய ஒருவர் அதையே எதிரில் உட்கார்ந்து தின்பதுதான்.

அம்மாவின் நாக்கு பிள்ளைக்குப் பழகுவது இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செய்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் அதில் கொடுத்தது கேரட் சாறு. ஒரு பிரிவுப் பெண்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அதைக் குடித்தார்கள், இன்னொரு பிரிவினர் பால் கொடுக்கும் காலத்தில் குடித்தார்கள், மூன்றாவது பிரிவினர் வெறும் தண்ணீர்தான் குடித்தார்கள். பிறகு குழந்தைகளுக்குத் திட உணவு தொடங்கியபோது கேரட் கலந்த கூழை ஊட்டிப் பார்த்தார்கள். முதல் இரு பிரிவுக் குழந்தைகளும் முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. பனிக்குடத்து நீரிலும் தாய்ப்பாலிலும் அம்மா சாப்பிட்டதன் வாசம் இறங்குகிறது. உன் நாத்தனாருக்கு இது ஏழாம் மாதம் என்று எழுதியிருந்தாய் அல்லவா? கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி லாரியாகப் போகிற கேரட்டில் ஒரு பங்கு அவள் தட்டுக்கு வரட்டும். பீன்ஸ், பீட்ரூட், கீரை, பூண்டு எதையும் ஒதுக்க வேண்டாம்.

உன் மகளுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உன் கையில் முழுசாக இருப்பது ராத்திரிச் சாப்பாடு ஒன்றுதான். மற்ற வேளைகளை விட்டுவிடு, இந்த ஒன்றை மட்டும் மாற்று.

அவளுக்குத் தூக்கம் வருவதற்குள், ஏழு ஏழரைக்கே இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு உட்கார். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். படம் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, வாயில் போனது என்ன காய் என்பதும் தெரியாது. அவள் தட்டில் காய் ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். உன் தட்டில் அதே காய் ஒரு கை நிறைய. நீ முதலில் எடுத்துச் சாப்பிடு. "சாப்பிடு சாப்பிடு" என்று சொல்லாதே. தொடவில்லையா, பேசாமல் தட்டை எடுத்துவிடு. இரண்டு நாள் கழித்து அதே காய், அதே ஒரு டீஸ்பூன். முகர்ந்து பார்ப்பதும், நக்கிவிட்டுத் துப்புவதும் முன்னேற்றம்தான். ஒரு காய் பிடிபட எட்டுத் தடவையிலிருந்து பதினைந்து தடவை வரை ஆகலாம். மூன்றாம் தடவையே "இதுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம், அங்கேதான் காரியம் கெடுகிறது. எதை, எப்போது வைப்பது என்பது உன் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பதை அவள் வயிற்றிடம் விட்டுவிடு.

"காய் தின்னா சாக்லேட்" என்று மட்டும் பேரம் பேசாதே. சாக்லேட்தான் பரிசு, காய் தண்டனை என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும்.

காயை அவள் துப்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: வேகாமல் இருப்பது. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், கீழ்நாட்டுச் சூடு கிடைக்காது. திறந்த சட்டியில் வெந்த பீன்ஸ் உன் பல்லுக்குச் சரியாக இருக்கும், மூன்று வயதுப் பல்லுக்கு நாராக இருக்கும். குக்கரில் வை, இல்லாவிட்டால் மூடி போட்டு வழக்கத்தைவிடக் கூடுதலாக விடு. இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினால் மசிய வேண்டும், அதுதான் பதம். பச்சைக் கேரட்டை வட்ட வட்டமாக நறுக்கித் தராதே, தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நாலாகக் கீறி வேகவைத்துக் கொடு.

அடுத்தது டீ. தேயிலை மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்: மூன்று வயதுப் பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம். டீயில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. டீயில் தொட்ட வர்க்கியோ மைதா, வனஸ்பதி, சர்க்கரை. வயிறு நிறையும், அடுத்த வேளைப் பசி செத்துப்போகும். பழகிய பிள்ளைக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரணகளமாகும். ஒரு வாரம் பத்து நாளில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் வெறும் பாலுக்கு வந்துவிடு. சர்க்கரையையும் கூடவே குறைத்து வா. பாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பால் மட்டுமே குடித்து வளரும் பிள்ளைக்குச் சோறு இறங்காது, பாலில் இரும்பும் மிகக் குறைவு. வர்க்கிக்குப் பதில் அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, கேழ்வரகு அடை, ஒரு வாழைப்பழம் எதுவானாலும் சரி. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முளைகட்டி அரைத்தால் இரும்புச்சத்தும் கூடுதலாகச் சேரும்.

நீ டீயை விட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. ஒரு நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் முப்பது கிராமைத் தாண்டிவிடுகிறது. 25 கிராமுக்குள் நிறுத்துவதுதான் நல்லது. டம்ளருக்கு ஒரு ஸ்பூனாக்கினால் கணக்கு பாதியாகிவிடும். உன் டம்ளரிலிருந்து ஒரு வாய் அவளுக்கு ஊட்டும் பழக்கத்தையும் விட்டுவிடு, அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

நாத்தனாருக்கு நர்சம்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரையிலும் இதே சிக்கல் உண்டு. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டியது. டீயோடு போட்டால் பாதிப் பலன் வீண். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். குமட்டினால் ராத்திரி சாப்பிட்டபின், எலுமிச்சைச் சாறோடு போடச் சொல். வயிற்றிலிருக்கும் பிள்ளை தன் முதல் சில மாதத்துக்கான இரும்பை அம்மாவிடமிருந்தே சேமித்துக்கொண்டு வருகிறது. அம்மாவிடம் இல்லையென்றால் பிள்ளையின் சேமிப்பும் குறையும். அங்கன்வாடியில் அவளுக்கென்று தரும் சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சிவிடாதீர்கள். அது அவள் பங்கு. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் அவளுக்கு வழக்கத்தைவிட 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மட்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாத்திரை தொடங்குங்கள்.

உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும், அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதே. மலையில் இதில் கவனம் கூடுதலாக வேண்டும். இந்துப்பு நல்லது என்று யார் சொன்னாலும் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

இனி நடை. நாள் முழுக்க மேட்டில் ஏறி இறங்கும் உன்னிடம் உடற்பயிற்சி செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த உழைப்பு எதையும் மகள் பார்ப்பதில்லை. அவள் பார்ப்பது, அலுத்து வந்து பாயில் சாய்ந்து போனை எடுக்கும் அம்மாவை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 554 அம்மாக்களுக்கும் அவர்களுடைய நாலு வயதுப் பிள்ளைகளுக்கும் அசைவை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவு: அம்மா கூடுதலாக அசைந்த வீட்டில் பிள்ளையும் கூடுதலாக அசைந்தது. யாரால் யார் ஓடினார்கள் என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளை ஓடினால் அம்மாவும் பின்னால் ஓடத்தானே வேண்டும். எனக்கு அதுவே போதும், இரண்டு பேரும் சேர்ந்து அசைந்தால் சரி.

மூன்று, நாலு வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 180 நிமிடம் அசைவு, அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். உனக்கு முடிந்தது ஒன்று உண்டு: அங்கன்வாடியிலிருந்து திரும்பும்போது அவளை இடுப்பில் தூக்காதே. பத்து நிமிட வழிக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகட்டும், ஏற்றத்தில் அவள் தன் காலால் ஏறட்டும். கரடியும் காட்டெருமையும் இறங்கும் வேளை நமக்குத் தெரியும். இருட்டத் தொடங்குவதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், விடியற்காலை நடை நம் ஊருக்கு ஒத்துவராது. மழை மாதத்தில் வீட்டுக்குள்ளேயே தவளைத் தாவல், பாய் சுருளைத் தாண்டுவது, பாட்டுப் போட்டு இரண்டு பேரும் ஆடுவது, பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை. நொண்டி ஆட்டம் நாலு வயதை ஒட்டித்தான் வரும், இப்போது வரவில்லை என்று கவலைப்படாதே. தையல் மெஷினிலேயே உட்கார்ந்திருக்கும் நாத்தனாருக்கு, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, வாரம் 150 நிமிட நடை நல்லது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும்.

இதெல்லாம் உன் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை. நீ இல்லாத நேரத்தில் பிள்ளையை வைத்திருப்பது உன் மாமியார். டீயைக் குறைப்பது அவர் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். இந்தக் கடிதத்தை அவருக்கும் உன் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டு.

டானிக்குக்கு வருகிறேன். கடையில் வாங்காதே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச் சிரப் அரசே தருகிறது, கிராம சுகாதார செவிலியரிடம் கேள். ஆண்டுக்கு இரண்டு முறை தரும் குடற்புழு மாத்திரையும் அவளுக்கு உண்டு. அதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. ஒன்று கவனி: உயரத்தில் வாழ்பவர்களுக்கு அது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கீழே ஒரு பிள்ளைக்கு 11 என்று வந்தால் சரி என்பார்கள். நம் மலையில் அதே 11 குறைவாக இருக்கக்கூடும். உயரத்துக்குக் கழித்துப் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதே. அன்றைக்கே உன் கையையும் நீட்டி உன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வா. முடிவு வந்ததும் இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா