மூன்று முறை மேலெழுதினால் எஸ்.எஸ்.டி. சுத்தமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளைக் கழிவு செய்து ஏலத்தில் விடும்போது, "சேமிப்பகத்தில் இருந்த தகவல்கள் மூன்று முறை மேலெழுதி அழிக்கப்பட்டன" என்று சான்றளிக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. கூட்டுறவு வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் நானும் அப்படிப்பட்ட சான்றுகளில் கையொப்பமிட்டிருக்கிறேன். ஹார்டு டிஸ்க் இருந்த வரையில் அதில் பிழையில்லை. சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வந்த பிறகும் அதே வாசகத்தில் கையொப்பமிட்டது பிழை என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

உணர்த்தியது ஒரு சிறு சோதனை. டிஸ்க்குகளின் காந்தப் பதிவை நீக்க எங்களிடம் ஓர் இயந்திரம் இருந்தது. கழித்துவிடப்பட்ட எஸ்.எஸ்.டி. ஒன்றை அதில் வைத்து எடுத்து, சந்தேகத்தின் பேரில் வேறொரு கணினியில் செருகினோம். விண்டோஸ் வழக்கம்போலத் திறந்தது. எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் தகவலைக் காந்தமாக அல்ல, சிறைப்பட்ட மின்னூட்டமாக வைத்திருப்பதால் இதில் வியப்பில்லை. வியப்பு, எங்களில் எவரும் அதுவரை செருகிப் பார்க்கவில்லை என்பதுதான்.

மேலெழுதுதல் ஏன் பலிப்பதில்லை என்பதை வங்கிப் பேரேட்டை வைத்தே சொல்லலாம். ஃபிளாஷில் எழுதிய ஒரு வரியை அதே இடத்தில் திருத்த முடியாது. எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும், அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியாகத்தான் முடியும். ஆகவே ஒரு கோப்பின் மேல் நீங்கள் எழுதும்போது, டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு புதிய வரியை வேறொரு பக்கத்தில் எழுதி, பொருளடக்கத்தில் மட்டும் பக்க எண்ணை மாற்றிக்கொள்கிறது. பழைய பக்கம், அதன் தொகுதி முழுவதும் அழிக்கப்படும் நாள் வரை, அப்படியே கிடக்கும். தொகுதிகள் சீராகத் தேயவேண்டும் என்பதற்காகவும், பழுதானவற்றுக்கு மாற்று வேண்டும் என்பதற்காகவும் கூடுதல் இடம் வேறு ஒதுக்கப்பட்டிருக்கும்: 480 ஜி.பி. என்று விற்கப்படும் பல டிரைவ்களில் உள்ளே 512 ஜி.பி. அளவுக்குச் சில்லுகள் உண்டு. அந்த மிச்ச இடத்தைக் கணினியால் பார்க்கவே முடியாது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011இல் சில்லுகளை நேரடியாகப் படித்தே இதைச் சோதித்தார்கள். தனிக் கோப்பை மேலெழுதும் முறைகள் எல்லாமே தோற்றன, எஸ்.எஸ்.டி.க்களில் கோப்பின் 4 முதல் 75 விழுக்காடு வரை மிஞ்சியிருந்தது. முழு டிரைவையும் இரண்டு முறை மேலெழுதுவது பெரும்பாலும் பலித்தது, எப்போதும் அல்ல. அழிப்பதற்கென்றே டிரைவில் வைக்கப்பட்டிருக்கும் கட்டளைதான் நம்பத்தக்கது என்றாலும், ஒரு டிரைவ் "அழித்துவிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டுத் தகவலை அப்படியே வைத்திருந்ததாகவும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வடிவங்கள் மாறிக்கொண்டே இருப்பது இன்னொரு தொல்லை. 1990களில் கேமராக்களில் செருகிய ஸ்மார்ட்மீடியா என்ற நினைவக கார்டில் கட்டுப்பாட்டுச் சில்லே கிடையாது. கேமராதான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது. இன்றைய எஸ்.டி. கார்டில் அந்தச் சில்லு கார்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. டிரைவ் கணினியோடு பேசும் முறைகளும் வேறுபடுகின்றன: பழைய முறையான சாட்டா டிரைவுக்கான அழிப்புக் கட்டளை, புதிய முறையான என்.வி.எம்.இ. டிரைவுக்குப் பொருந்தாது, அதற்கு வேறு கட்டளைகள், அவற்றில் ஒன்றான 'சானிடைஸ்' 2017இல்தான் தரநிலையில் சேர்ந்தது. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் நிறுவனம் 2014இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியே, ஃபிளாஷ் சாதனங்களுக்குத் தனி நடைமுறை சொன்னது. நம் நிபந்தனைகளோ எல்லாவற்றையும் "சேமிப்பகம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கும்போது, இந்த அலட்சியம் மலிவானது அல்ல.

எனவே, ஏலம் விடும் அலுவலகங்களும் வங்கிகளும் தம் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளை டிரைவின் வகைவாரியாகத் திருத்தி எழுத வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். டிரைவ் வாங்கிய முதல் நாளே முழுமையாகக் குறியாக்கம் செய்துவிட்டால், அதாவது ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைத்தால், கழிக்கும் நாளில் அந்தச் சாவியை அழிப்பதே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். அதன்மேல் டிரைவின் சொந்த அழிப்புக் கட்டளையை இயக்கி, எந்தக் கட்டளை, எந்த வரிசை எண், யார் சரிபார்த்தார் என்பதைச் சான்றில் எழுத வேண்டும். சிலவற்றையாவது செருகிப் பார்க்க வேண்டும். கட்டளைக்குப் பதில் தராத டிரைவைச் சில்லோடு பொடியாக்குவது தவிர வழியில்லை. டிரைவின் மின்சுற்றுப் பலகையில் ஒரு துளை போட்டால் சில்லு தப்பிவிடலாம், 15 மி.மீ. நீளமே உள்ள மைக்ரோ எஸ்.டி. கார்டு, ஹார்டு டிஸ்க் நொறுக்கும் இயந்திரத்தின் பற்களுக்கிடையே முழுதாகவே விழுந்துவிடக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் கணினிப் பிரிவு அலுவலர்,
மதுரை.