குருத்தெலும்பை ஐஸில் புதைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இறந்தவர் கொடையாகத் தந்து, முழங்காலில் பொருத்தும் குருத்தெலும்புக்கு, எலும்புக்கான குளிர்முறை ஒத்துவராது. எலும்பை மைனஸ் 80 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். குருத்தெலும்பு உறைந்தால் உள்நீர் பனிப்படிகமாகி செல்களைக் கொன்றுவிடும். பார்வைக்கு அதே வெள்ளை, அதே வழுவழுப்பு! ஆனால் தன்னைப் பராமரிக்க ஆளில்லாமல் போகப்போக நைந்துவிடும். பனிப்படிகத்தைத் தடுக்கும் டிஎம்எஸ்ஓ என்ற மருந்தைக் கலந்து உறையவைத்தாலும் பெரும்பாலும் மேலடுக்குதான் பிழைக்கும்; அடர்ந்த திசுவின் அடிவரை மருந்து எளிதில் இறங்காது.

ஆகவே 4 டிகிரியில், ஊட்டத் திரவத்தில் வைப்பதே நல்லது. ரிங்கர் லாக்டேட் என்ற வெறும் உப்புத் திரவம் போதாது. கிருமிப் பரிசோதனைக்கே ஏறக்குறைய 14 நாள் போய்விடும். அதன்பின் செல்கள் குறையத் தொடங்கும். 28 நாளுக்குள், உயிர்ச்செல் 70 சதவீதத்துக்குக் குறையுமுன் பொருத்திவிட வேண்டும்.

பாலக்காடு, கோவை மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வாளையார் நெரிசலில் வண்டி வெயிலில் நின்றாலும் பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி இருக்கவேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பையை உடனே குருத்தெலும்பு உள்ள டப்பாவோடு ஒட்டி வைத்தால் ஓரம் உறைந்துவிடும். பை வியர்க்கும்வரை வெளியே வைத்து, நடுவே தடித்த அட்டை கொடுங்கள். வெப்பப் பதிவுக் கருவி டப்பாவை ஒட்டியே இருக்கட்டும், மூடியில் அல்ல.

மூக்கைச் சீரமைக்கும் விலாக் குருத்தெலும்பு வேறு கதை. அங்கே வடிவம்தான் தேவை, உறைந்ததும் உதவும்.

– எலும்பு மூட்டு மருத்துவர்கள், கொழிஞ்சாம்பாறை