மடிப்பு பிழையல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சிற்பி எல் அனாட்சுயி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பாட்டில் மூடிகளைக் கோத்து அவர் செய்யும் படைப்புகள் ஊருக்கு ஊர் உருமாறித் தொங்குவதை அருங்காட்சியகங்களின் அசட்டை என்று குறை சொல்கிறது. அப்படியல்ல. அந்த மாற்றம் அவர் விரும்பிக் கொடுத்த உரிமை.

கானாவின் அன்யாகோவில் 1944இல் பிறந்தவர், 1975 முதல் நைஜீரியாவின் என்சுக்காவில் பல்கலைக்கழகச் சிற்ப ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். வெகுகாலம் மரத்தில்தான் வேலை செய்தார். சங்கிலி ரம்பத்தால் கீறி, தீயில் கருக்கிய பலகைகளை வரிசையாக நிறுத்துவார். அந்த வரிசையை மாற்றி அடுக்கலாம். உருவம் நிலையாக நிற்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. 1990களின் கடைசியில் என்சுக்கா அருகே ஒரு பை நிறைய மது பாட்டில் மூடிகள் கிடைத்தன. அந்த எண்ணத்துக்கேற்ற பொருளும் அமைந்தது.

மூடியின் கழுத்துப் பட்டையை வெட்டி விரித்துத் தட்டினால் நீளத் துண்டு. வெட்டாமல் வளையமாகவே கோத்தால் வெளிச்சம் ஊடுருவும் வலை. சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் மது கம்பெனி அச்சிட்ட நிறங்களே. வெள்ளிப் பளபளப்புக்கு உட்புறத்தைத் திருப்பினால் போதும். துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் கட்டுகிறார்கள். இங்கேதான் சூட்சுமம். கம்பியை இறுக முறுக்கினால் தகடு விறைத்துக்கொள்ளும், புடவைக் கொசுவம்போல மடிப்பு விழாது. துளை விளிம்பை ஒட்டி அமைந்தால், தொங்கும் பாரத்தில் மேல்வரிசை கிழியும். உதவியாளர்கள் சிறுசிறு பாளங்களாகக் கட்டித்தர, அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி, படமெடுத்துப் பார்த்த பிறகே ஒன்றாக இணைக்கிறார்.

முடிந்தது மடித்துப் பெட்டியில் போகும். இப்படித்தான் மாட்ட வேண்டும் என்ற கட்டளை கிடையாது. சுவரில் எங்கே தூக்கிப் பிடிக்கிறார்களோ அங்கே புடைக்கும், விட்ட இடத்தில் சரியும். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2023இல் தொங்கிய ‘சிவப்பு நிலாவின் பின்னால்’ படைப்பின் ஒரு பகுதி, காற்று நிறைந்த பாய்மரம்போலப் புடைத்து நின்றது. ஐரோப்பியர் மதுவைக் கொடுத்து ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கிய வரலாறும் அந்த மூடிகளில் இருக்கிறது. வெறும் ‘மறுசுழற்சிக் கலை’ என்று கட்டுரை எழுதியது அதனால்தான் உறுத்துகிறது.

அவருக்கு 2015இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது அளித்தது. கட்டுரையில் ‘சிதைந்த நிலையில்’ என்று குறிப்பிட்ட படத்துக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்