ஒரே நாளில் ரோம்: எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ரோம் சுற்றுலாக் கட்டுரை, காலையில் வத்திக்கான் அருங்காட்சியகம், மதியம் கொலோசியம், மாலையில் மிச்சமெல்லாம் என்று சுற்றுலாப் பேருந்தில் ஏறி இறங்கச் சொல்கிறது. பழைய வடாற்காட்டின் தோல் ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மிலான் தோல் கண்காட்சிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கண்காட்சி முடிந்ததும் அதிவேக ரயில் பிடித்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் ரோம். அங்கே ஒரு பகல் சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடலாம். ஆனால் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பகல் வரிசையிலேயே போய்விடும்.

பழைய ரோம் சின்ன ஊர். கொலோசியத்திலிருந்து புனித பேதுரு பேராலயம் வரை சந்து சந்தாகப் போனாலும் நான்கைந்து கிலோமீட்டர்தான். தூரம் பிரச்சினையே இல்லை, டிக்கெட் வாங்கி உள்ளே நுழையும் இடங்கள்தான் நேரத்தை விழுங்குகின்றன. ஆகவே வத்திக்கான் அருங்காட்சியகம், கொலோசியம் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். நாங்கள் கொலோசியத்தையே சொல்வோம். அதே டிக்கெட்டில் பழைய ரோமின் நடுச்சந்தையான ரோமன் ஃபோரமும் அதை ஒட்டிய பலாத்தீன் குன்றும் அடங்கும். அங்கிருந்து மற்றதெல்லாம் போகிற வழியிலேயே வரும்.

டிக்கெட் விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மொத்தமாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர்களைத் தடுக்க, 2023 முதல் கொலோசியம் டிக்கெட்டில் பார்வையாளரின் பெயரை அச்சிடுகிறார்கள். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். நமக்கோ இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, விசிட்டிங் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து இன்னொரு மாதிரி. பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரைச் சேர்ப்பதைவிட இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவது மேல். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் 30 நாள் முன்பாகத்தான் விற்பனை திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. உள்ளூர் ஏஜென்ட் இதை மூன்று மடங்கு சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

காலை 8.30 நுழைவு எடுங்கள். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோ பி லைனில் இரண்டாவது நிறுத்தம். படியேறி வெளியே வந்தால் எதிரேயே கொலோசியம். பெட்டியோ பெரிய பையோ உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடி பாட்டிலும் கூடாது. தோல் சாம்பிள் பையோடு வருகிறவர்கள் டெர்மினியிலேயே லக்கேஜ் காப்பகத்தில் போட்டுவிட வேண்டும். கி.பி. 80-ல் திறந்த அந்த அரங்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். அதைவிட அதிக நேரம் கேட்பது ஃபோரம். அங்கே நிழல் கிடையாது. முதலில் பலாத்தீன் மேட்டில் ஏறி மொத்தத்தையும் மேலிருந்து பார்த்துவிட்டு, பிறகு டைட்டஸ் வளைவு வழியாக இறங்கினால் எது கோயில், எது கடைத்தெரு என்று புரியும். இல்லாவிட்டால் வெறும் உடைந்த தூண்கள்தான். வெளியே வந்துவிட்டால் திரும்ப விடமாட்டார்கள், ஆகவே கழிப்பறை வேலையை உள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஃபோரத்தை ஒட்டிய குன்றின் மேல் மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த காம்பிதோலியோ சதுக்கத்துக்கு ஏறுங்கள். அங்குள்ள ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் குதிரைச் சிலை நகல்தான், அசல் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகராட்சிக் கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் ஃபோரம் முழுவதும் இலவசமாகத் தெரியும். டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு அதுவே போதும். வெனிஸ் சதுக்கத்தை மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அங்கே நிற்க வேண்டாம்.

பழைய ரோமானியக் கோயிலாக இருந்து தேவாலயமாகிவிட்ட பாந்தியனில் நிதானமாக நில்லுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. கருங்கல்லை அடுக்கிக் கட்டிய வேலூர்க் கோட்டையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது வேறு கணக்கு. குவிமாடம் முழுவதும் கம்பி இல்லாமல் ஊற்றி வார்த்த கான்கிரீட். விட்டம் சுமார் 43 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. ஏறக்குறைய 1,900 ஆண்டாக நிற்பதற்குக் காரணம் கலவை. கீழே கனமான கல், மேலே போகப் போக இலகுவான கல், உச்சியில் எரிமலை நுரைக்கல். சுவர்க் கனமும் அடியில் ஏறக்குறைய 6 மீட்டரில் தொடங்கி மேலே ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய அளவுக்கு இறங்குகிறது. உச்சித் துளை மூடியில்லாதது, மழை நேராக உள்ளே விழும். தரையை நடுவில் லேசாக மேடாக்கி, வடிகால் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். சனி மாலையும் ஞாயிறு காலையும் பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

ஐந்து நிமிட நடையில் நவோனா சதுக்கம். 1651-ல் சிற்பி பெர்னினி முடித்த நான்கு நதிகள் நீரூற்றில் துடுப்பு ஏந்தி உட்கார்ந்திருப்பவர் நம் கங்கை. தாடிக்கார ஆணாக! அங்கிருந்து சந்த் ஆஞ்சலோ பாலம் கடந்தால் பேராலயம். மாலை நாலரைக்கு மேல் பாதுகாப்புச் சோதனை வரிசை குறையும். நுழைவு இலவசம், ஆனால் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்தால் வாசலோடு சரி. குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சம். பகல் முழுக்க நடந்த காலுக்கு இது வேண்டாம். புதன் காலை போப் சந்திப்பு இருக்கும் என்பதால் அந்த வேளையைத் தவிருங்கள். பேராலயத்துக்குப் பக்கத்து நிலையமான ஒத்தாவியானோவில் மெட்ரோ ஏ லைன் பிடித்து ஸ்பாஞ்ஞாவில் இறங்கினால் ஸ்பானியப் படிக்கட்டு. அதில் உட்கார்ந்தால் அபராதம். இருட்டிய பிறகு பத்து நிமிடம் நடந்து திரேவி நீரூற்று. நெரிசலில் பர்ஸ் முன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

காலணி பற்றி நாங்கள் சொல்லாமல் யார் சொல்வது? ரோம் தெருக்களில் பாவியிருப்பது கருமையான எரிமலைக் கல். தேய்ந்து வழுவழுவென்று இருக்கும், மழையில் இன்னும் மோசம். லெதர் சோல் அதில் பிடிக்காது. ரப்பர் அல்லது டிபிஆர் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) சோல் போடுங்கள். கண்காட்சிக்கென்று எடுத்த புது ஷூவில் பின் குதிகாலைத் தாங்கும் விறைப்பான பட்டை (கவுண்டர்) இன்னும் இளகியிருக்காது, ஃபோரம் முடிவதற்குள் குதிகால் கொப்புளித்துவிடும். ஐரோப்பாவுக்கே ஷூ அனுப்பும் ஊர்க்காரர்கள் ரோமில் நொண்டுவது நன்றாக இல்லை.

தண்ணீர் பாட்டில் விலைக்கு வாங்க வேண்டாம். தெருமுனைகளில் இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் மூக்கை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் எழும்பும், குனியாமல் குடிக்கலாம். சாப்பாட்டில் கார்பொனாரா, அமாத்ரிச்சியானா பாஸ்தா இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. சுத்த சைவர்கள் பார்மிஜானோ, பெக்கொரினோ பாலாடைக்கட்டிகளையும் தவிர்க்க வேண்டும், கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியில் உறைய வைப்பவை அவை. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், சீஸே கிடையாது.

பிப்ரவரியில் போகிறவர்களுக்கு இந்தத் திட்டம் சற்றே இறுக்கம். ஆறு மணிக்குள் இருட்டிவிடும், கொலோசியமும் குளிர்கால நேரப்படி மாலையிலேயே மூடும். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே இலவசம் என்பதால் கூட்டம் அலைமோதும். ஞாயிறு ரோமில் இறங்குவதானால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது மூடும் நாட்களையும் டிக்கெட் பெயர் விதியையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோல் ஏற்றுமதித் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
ராணிப்பேட்டை, ஆம்பூர்.