சம்பாதிக்காத வருஷத்துக்கு வருமானம் எழுதாதீங்க

வரி ரிட்டர்ன் ஃபைல் பண்ணிக் குடுக்குற எல்லாருக்கும் வணக்கம்.

ஜூலை வந்துட்டா உங்களுக்கு தலைக்கு மேல வேலை, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். வேலை போனவங்க, குழந்தைக்காக வேலைய விட்டவங்க, உடம்பு முடியாம வீட்டுல இருந்தவங்க இவங்கல்லாம் வந்து "இந்த வருஷம் வருமானமே இல்லைங்க, என்ன பண்றது"ன்னு கேட்டா, "பின்னாடி லோனுக்கு ஆகும், ஒரு நாலே முக்கால் லட்சம் பிசினஸ்னு காட்டிடலாம், டேக்ஸ் வராது"ன்னு சொல்றீங்க பாருங்க, அத தயவுசெஞ்சு நிறுத்துங்க.

எங்க அக்காவுக்கு இதுதான் நடந்துச்சு. சின்னத் தொழில் பண்றவங்க போடுற ஐடிஆர்-4 ரிட்டர்ன் ஃபார்ம்ல தையல் தொழில்னு போட்டு, கையிருப்பு ரொக்கம்னு ஒரு தொகையும் எழுதி வச்சிருக்காங்க, வீட்டுல மெஷினே கிடையாது. ஃபோன்ல ஓடிபி வந்துச்சு, அக்கா சொன்னாங்க, அதோட இ-வெரிஃபை ஆயிடுச்சு. அந்த ஓடிபி குடுத்தா 'இதெல்லாம் உண்மை'ன்னு கையெழுத்து போட்ட மாதிரின்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. பொய்க்கணக்குன்னு வந்தா ஜெயில் வரைக்கும் சட்டத்துல இடம் இருக்கு, முதல்ல மாட்டுறது அவங்கதான். அதவிட எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, மகளிர் உரிமைத் தொகைக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், இப்ப இல்லாத காசால மாசம் 1,000 ரூபாய்க்கு தகுதி போச்சு.

வருமானம் இல்லைன்னா இல்லைன்னே போடலாமே, நில் ரிட்டர்ன் எதுக்கு இருக்கு? பழைய வரி முறையில 2.5 லட்சம், புது வரி முறையில 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம், வருமானம் அதுக்குள்ள இருந்தா பெரும்பாலும் ரிட்டர்ன் கட்டாயமே இல்ல. வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல, கரண்ட் பில்லுக்கு 1 லட்சத்துக்கு மேல செலவு பண்ணிருந்தா கட்டாயம்ங்கிற மாதிரி சில விதிவிலக்குதான், அத கேட்டுக்கோங்க. கெடு தாண்டினாலும், வரம்புக்குள்ள இருந்து அந்த விதிவிலக்குலயும் வராதவங்களுக்கு லேட் ஃபீஸ் கிடையாது, அதனால 5,000 ரூபாய்னு பயமுறுத்தாதீங்க.

நிஜமாவே அவங்களுக்கு நல்லது செய்யணும்னா அவங்க பேர்ல புடிச்ச வரியெல்லாம் காட்டுற ஃபார்ம் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்க. வரி புடிக்காதீங்கன்னு பேங்க்ல குடுக்குற 15ஜி ஃபார்ம குடுக்காம விட்டு, பேங்க் எஃப்டி வட்டியில 10% டிடிஎஸ்னு முன்கூட்டியே வரி புடிச்சிருப்பாங்க, ரிட்டர்ன் போட்டாதான் அந்தக் காசு திரும்ப வரும், வேலை இல்லாதவங்களுக்கு அது பெரிய காசுங்க. ஷேர்ல நஷ்டம் இருந்தா கெடுவுக்குள்ள போட்டாதான் அடுத்த 8 வருஷத்துக்கு கொண்டு போக முடியும்.

லோன் குடுக்குறவங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டையும்தான் பாக்குறாங்க, அதுல வராத காசு ரிட்டர்ன்ல மட்டும் எப்படி நிக்கும்? ஒரு வருஷம் சம்பாதிக்காம இருந்தது குத்தம் இல்ல, அத மறைக்க வேண்டியதும் இல்ல.

ஓடிபி கேக்குறதுக்கு முன்னாடி மொத்த வருமானம்னு என்ன எழுதிருக்கீங்கன்னு வாய்விட்டு படிச்சுக் காட்டுங்க. ஏற்கனவே யாருக்காவது இப்படி போட்டுக் குடுத்திருந்தா, திருத்திய ரிட்டர்னுக்கு கெடு முடியுறதுக்குள்ள நீங்களே கூப்பிட்டு சரி பண்ணிக் குடுங்க, அதுக்கு ஃபீஸ் வாங்காதீங்க.